'உடைந்த இதயம்' குணமான பிறகு மறுபடியும் வருமா?

திடீர் நெஞ்சு வலி. மூச்சு வாங்குகிறது. மருத்துவமனையில் இசிஜி எடுத்தால் மாரடைப்பு போலவே கோடுகள். ரத்தப் பரிசோதனையிலும் இதயத் தசை பாதிக்கப்பட்டதற்கான அடையாளம். அவசரமாக ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள். ஆனால் ரத்தக் குழாயில் இதற்குக் காரணமான அடைப்பு எதுவும் இல்லை.

இப்படி வருபவர்களில் சிலருக்கு இருப்பது டாக்கோட்சுபோ எனும் இதயத் தசைப் பாதிப்பு. கடும் மன அழுத்தத்துக்கோ உடல் பாதிப்புக்கோ பிறகு இதயத் தசையின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செயலிழந்துபோகும் நிலை அது. செய்திகளில் 'உடைந்த இதய நோய்' என்ற பெயரில் நீங்கள் படித்திருக்கலாம்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் மறுபடி நன்றாகச் சுருங்கி விரியத் தொடங்கிவிடும். கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் குணமாகி வீட்டுக்கு வந்தவர்களின் மனத்தில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். "திரும்ப வந்துடுமா?"

வரலாம். அது அரிது. ஆனால் வந்தால் என்ன செய்வது என்பது நோயாளிக்கு மட்டுமல்ல, கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான காரணத்தைக் கீழே பார்க்கலாம்.

டாக்கோட்சுபோ, அது என்ன பெயர்?

ஜப்பானிய மொழியில் 'டாக்கோ' என்றால் ஆக்டோபஸ், 'ட்சுபோ' என்றால் பானை. மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலுக்கு அடியில் வைக்கும் மண்பானை அது. கழுத்து குறுகி, அடிப்பக்கம் உருண்டு இருக்கும்.

1990இல் ஜப்பானின் ஹிரோஷிமாவைச் சேர்ந்த இதய மருத்துவர் ஹிக்காரு சாத்தோவும் அவருடைய குழுவினரும் இந்தப் பாதிப்பை விவரித்தார்கள். உடலுக்கு ரத்தத்தை அனுப்பும் இடது கீழறைதான் இதயத்தின் முக்கிய பம்ப். இந்த நோயாளிகளின் படங்களில் அந்த அறையின் மேல்பகுதி நன்றாகச் சுருங்கியது. நுனிப்பகுதி மட்டும் அசையாமல் பலூன் மாதிரி உப்பி நின்றது. பார்க்க அந்தப் பானையைப் போலவே இருந்ததால் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் நுனிதான் உப்ப வேண்டும் என்றில்லை. சிலருக்கு நடுப்பகுதி அசையாமல் போகும். வெகு சிலருக்கு மேல்பகுதி. 'திரும்ப வருமா' என்ற கேள்விக்கு வரும்போது இந்த விவரம் நமக்குத் தேவைப்படும்.

மாரடைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. நேரம் போகப் போக அந்தத் தசை இறந்துபோகிறது. இறந்த தசை திரும்ப உயிர்பெறாது, தழும்புதான் மிஞ்சும்.

டாக்கோட்சுபோவில் தசை பெரும்பாலும் இறப்பதில்லை. அதிர்ச்சியில் உறைந்துபோகிறது. அந்த உறைந்த பகுதி ஒரே ரத்தக் குழாயின் எல்லைக்குள் அடங்காமல், பல குழாய்களின் எல்லையைத் தாண்டிப் பரவியிருக்கும். மருத்துவர்களுக்குச் சந்தேகம் வருவதே இதைப் பார்த்துத்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த வித்தியாசம் எதுவும் வெளியில் தெரியாது. வலி ஒரே மாதிரி. மூச்சுத் திணறல் ஒரே மாதிரி. இசிஜியும் ரத்தப் பரிசோதனையும்கூடக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆஞ்சியோகிராமும் இதயத்தின் எக்கோ அல்லது எம்ஆர்ஐ படமும் சேர்ந்தால்தான் எது எது என்று உறுதியாகும். மாரடைப்புச் சந்தேகத்துடன் மருத்துவமனைக்கு வருபவர்களில் ஏறக்குறைய 100க்கு 2 பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பெண்களை மட்டும் பார்த்தால் அந்த விகிதம் இன்னும் அதிகம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

பயந்தாலோ அதிர்ந்தாலோ உடலில் அட்ரினலின் சுரக்கும். ஓடு அல்லது எதிர்த்து நில் என்று உடலைத் தயார்செய்யும் ஹார்மோன் அது. தேர்வு அறைக்குள் நுழையும்போது நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். அளவோடு இருந்தால் பிரச்சினை இல்லை.

டாக்கோட்சுபோவில் அது வெள்ளமாக வருகிறது. 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் 19 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் ரத்தத்தில் அட்ரினலினும் அதைச் சார்ந்த ஹார்மோன்களும் கடுமையான மாரடைப்பு வந்தவர்களிடம் இருந்ததைவிட 2 முதல் 3 மடங்கு அதிகமாக இருந்தன. சாதாரண அளவோடு ஒப்பிட்டால் 7 முதல் 34 மடங்கு.

அந்த வெள்ளம் ஏன் நுனியை அதிகம் தாக்குகிறது? அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இதயத்தின் நுனிப்பகுதியில் அதிகம் என்பது ஒரு விளக்கம். அளவு மீறும்போது அந்த ஏற்பிகள் 'வேகமாகச் சுருங்கு' என்ற கட்டளையை விட்டுவிட்டு 'நிறுத்து' என்று பிரேக் போட்டுவிடுகின்றன என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. அதிக அட்ரினலினால் தசை நாசமாகாமல் இருக்க இதயமே செய்துகொள்ளும் ஏற்பாடாகவும் அது இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. இதயத்தின் மிகச் சிறிய ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்வதும் இன்னொரு காரணமாகக் கூறப்படுகிறது.

யாருக்கு வருகிறது?

2015இல் வெளியான ஓர் அனைத்துலக ஆய்வு இதுவரை வந்தவற்றில் முக்கியமான ஒன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 26 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,750 நோயாளிகளின் விவரங்கள் அதில் உள்ளன.

- 100இல் கிட்டத்தட்ட 90 பேர் பெண்கள்.
- சராசரி வயது ஏறக்குறைய 67.
- பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்கெனவே மனநலம் அல்லது நரம்பு தொடர்பான பிரச்சினை இருந்தது.

அதாவது நம் அம்மா, அத்தை, பாட்டி வயதில் உள்ள பெண்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் அட்ரினலினிலிருந்து இதயத்துக்குக் கிடைத்துவந்த பாதுகாப்பும் குறைகிறது என்று நம்பப்படுகிறது.

ஆண்களுக்கும் இளையருக்கும் வரவே வராது என்று அர்த்தமில்லை. ஆண்களுக்கு வரும்போது பெரும்பாலும் தொற்று, அறுவைச் சிகிச்சை போன்ற உடல் சார்ந்த காரணம் இருக்கும். நோய் கடுமையாகவும் இருக்கக்கூடும்.

'தற்காலிகம்தானே, ஒன்றும் ஆகாது' என்று நினைப்பதும் தவறு. அதே ஆய்வில், மருத்துவமனையில் இருந்தபோதே 100இல் 4 பேர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவருக்குமேல் கடுமையான சிக்கல்கள் ஏற்பட்டன. ரத்த அழுத்தம் சரிந்துவிடுவது, இதயத் துடிப்பு தாறுமாறாவது, அசையாத அறையில் ரத்தம் உறைவது போன்றவை அவை. முதல் சில நாள்களின் ஆபத்து சாதாரண மாரடைப்புக்குச் சளைத்ததல்ல.

துக்கம்தான் காரணமா?

நம் மொழியில் 'நெஞ்சு' என்ற ஒரே சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். அதனால் 'மனசு உடைஞ்சா இதயமும் உடையும்' என்று கேட்கும்போது நமக்கு ஆச்சரியமாகவே இருக்காது. ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன.

அந்த 1,750 பேரில் மனத்தைப் பாதித்த சம்பவத்துக்குப் பிறகு நோய் வந்தவர்கள் 100இல் 28 பேர்தான். உடல் சார்ந்த காரணம் இருந்தவர்கள் 36 பேர். ஆஸ்துமா மோசமாவது, கடும் தொற்று, எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, பக்கவாதம், வலிப்பு எல்லாம் இதில் அடங்கும். இரண்டு வகைக் காரணமும் சேர்ந்து இருந்தவர்கள் 8 பேர். மீதமுள்ள 28 அல்லது 29 பேருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சந்தோஷமும் தூண்டலாம். 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், உணர்ச்சி காரணமாக நோய் வந்த 485 பேரில் 20 பேருக்கு அது மகிழ்ச்சியான தருணத்துக்குப் பின்னால் வந்திருந்தது. பிறந்தநாள் கொண்டாட்டம், பிள்ளையின் திருமணம் போன்ற நாள்கள் அவை. அதற்கு 'மகிழ்ந்த இதய நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊரையே உலுக்கும் சம்பவங்களிலும் இது தெரிகிறது. 2004இல் ஜப்பானின் நீகாட்டாவிலும் 2011இல் நியூசிலந்தின் கிரைஸ்ட்சர்ச்சிலும் நிலநடுக்கங்களுக்குப் பின் இத்தகைய நோயாளிகள் திடீரென அதிகரித்தார்கள். கோவிட்-19 தொடங்கிய 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில், அமெரிக்காவின் கிளீவ்லந்தில் மாரடைப்பு அறிகுறிகளுடன் வந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 8 பேருக்கு டாக்கோட்சுபோ இருந்தது. அதற்கு முன்பு அது 2க்கும் குறைவு. அவர்களுக்கு கோவிட் தொற்று இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அதற்காகத் துக்கத்துக்குப் பின் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் 'இதயம் உடைந்தது' என்று சொல்லிவிட முடியாது. 'ஸ்டார் வார்ஸ்' நடிகை கேரி ஃபிஷர் 2016 டிசம்பர் 27ஆம் தேதி காலமானார். மறுநாளே அவருடைய தாயார், நடிகை டெபி ரெனல்ட்ஸும் காலமானார். உலகெங்கும் உடைந்த இதயம் பற்றிய பேச்சு. ஆனால் ரெனல்ட்ஸின் மரணத்துக்குக் காரணம் மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவு.

சரி, திரும்ப வருமா?

மேலே சொன்ன 2015 ஆய்வின்படி, குணமடைந்த 100 பேரை ஓர் ஆண்டு கவனித்தால் அவர்களில் 2 பேருக்கும் குறைவானவர்களுக்கே (1.8) திரும்ப வருகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இது ஏறக்குறைய 100க்கு 5 பேர் என்ற அளவில் இருக்கிறது.

அதை வேறு மாதிரிச் சொன்னால், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். ஒவ்வொரு நாளும் 'இன்னிக்கு வருமோ' என்று பயந்து வாழ வேண்டிய நோய் இது இல்லை.

ஆனால் திரும்ப வந்தவர்களின் அனுபவங்களிலிருந்து மருத்துவர்கள் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவது, காலக்கெடு கிடையாது. சிலருக்குச் சில வாரங்களில் திரும்பியிருக்கிறது. சிலருக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. 'அஞ்சு வருஷம் ஆச்சு, இனி வராது' என்று கணக்குப் போட முடியாது.

இரண்டாவது, அதே காரணம் வேண்டியதில்லை. முதல்முறை நெருங்கியவரின் இழப்புக்குப் பின் வந்திருக்கலாம், இரண்டாம் முறை நிமோனியாவின்போது வரலாம். அல்லது காரணமே தெரியாமல் வரலாம். அதனால் பழைய சம்பவத்தை நினைவுபடுத்தும் எதையும் வீட்டில் பேசாமல் ஒளித்துவைத்தால் போதும் என்று நினைப்பதில் பலனில்லை.

மூன்றாவது, இதயத்தின் வேறு இடம் பாதிக்கப்படலாம். இங்கேதான் முன்பு சொன்ன பலூன் விஷயம் வருகிறது. முதல்முறை நுனிப்பகுதி உப்பியிருந்தவருக்கு, அடுத்தமுறை நடுப்பகுதி அசையாமல் போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ஆக, ஒரு குறிப்பிட்ட இடம் 'பலவீனமான இடம்' என்பதால் மட்டுமே நோய் திரும்புகிறது என்று சொல்ல முடியாது.

நான்காவது, முதல்முறை லேசாக இருந்ததால் அடுத்த முறையும் லேசாகத்தான் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

சிலருக்கு மட்டும் ஏன் திரும்ப வருகிறது?

இதயத்தை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. ஆய்வாளர்கள் இப்போது மூளையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2019இல் சுவிட்சர்லந்தின் சூரிக் ஆய்வாளர்கள் டாக்கோட்சுபோ வந்துபோன பெண்களின் மூளையை எம்ஆர்ஐ மூலம் ஆராய்ந்தார்கள். உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளுக்கும், இதயத் துடிப்பு போன்ற தானியங்கிச் செயல்களைக் கட்டுப்படுத்தும் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2021இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று அதற்கு ஒரு துப்புக் கொடுத்தது. பெரும்பாலும் புற்றுநோய்க்காக முன்பே ஸ்கேன் எடுத்திருந்த 104 பேரின் படங்களை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 41 பேருக்குப் பின்னாளில் டாக்கோட்சுபோ வந்தது. மூளையில் பயத்தையும் அழுத்தத்தையும் உணரும் அமிக்டலா என்ற பகுதி யாருக்கு அதிகச் சுறுசுறுப்பாக இருந்ததோ, அவர்களுக்கு நோய் சீக்கிரமே வந்திருந்தது. நோய் வருவதற்கு முன்பே மூளையில் அந்த நிலை இருந்தது என்று பொருள்.

மனநலப் பிரச்சினையோ நரம்பு தொடர்பான நோயோ உள்ளவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று தெரிந்திருப்பதும் இதோடு பொருந்துகிறது.

இதை 'அவங்க மனசு வீக்' என்று புரிந்துகொள்ளக்கூடாது. ஒரே இழப்பை இரண்டு சகோதரிகள் சந்திக்கலாம். ஒருவருக்கு நோய் வரும், மற்றவருக்கு வராது. யார் அதிகம் பாசம் வைத்தார்கள், யார் தைரியசாலி என்பதற்கான தேர்வு அல்ல அது. மூளை, ஹார்மோன், வயது, மற்ற நோய்கள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம்.

தடுக்க மருந்து உண்டா?

அட்ரினலின்தான் பிரச்சினை என்றால் அதைத் தடுக்கும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை கொடுத்தால் போதுமே என்று தோன்றும். நியாயமான யோசனைதான். ஆனால் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நோய் திரும்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். 2015 ஆய்விலும் அந்த மருந்தால் உயிர்பிழைக்கும் வாய்ப்புக் கூடியதாகத் தெரியவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் வேறு சில மருந்துகளைச் (ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி வகைகள்) சாப்பிட்டவர்கள் ஓராண்டுக்குப் பிறகு சற்று நல்ல நிலையில் இருந்தார்கள்.

மறுபடி வராமல் உறுதியாகத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் கிடையாது. எனவே ஒவ்வொருவரின் ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்து தருவார். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கொடுத்த மாத்திரை உங்கள் அம்மாவுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

மருந்தைத் தாண்டியும் முயற்சிகள் நடக்கின்றன. ஸ்காட்லந்தின் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 76 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். 2025இல் மட்ரிடில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 12 வாரங்கள் எண்ணங்களையும் நடத்தையையும் சீர்படுத்தும் பேச்சுச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு 12 வாரங்கள் படிப்படியாகக் கூடும் உடற்பயிற்சி. மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு பிரிவினருக்கும் இதயம் சக்தியைப் பயன்படுத்தும் விதம் மேம்பட்டது. அவர்களால் முன்பைவிட அதிகத் தூரம் நடக்கவும் முடிந்தது.

சிறிய சோதனைதான். நோய் திரும்புவதை இது தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'எக்கோவில் எல்லாம் நார்மல்' என்று சொல்லி அனுப்பிய பிறகும் மாதக்கணக்கில் களைப்பும் மூச்சு வாங்குவதுமாக இருப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. அந்தக் களைப்பு கற்பனை இல்லை. எம்சி முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் சிலருக்கு அது நீடிக்கிறது. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சொல்லவும் உரிமை உண்டு.

'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொன்னால் போதுமா?

நோயாளியைப் பார்க்க வருபவர்கள் எல்லாரும் சொல்லும் வாசகம் இது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, அது நடக்காத காரியம். வீட்டில் ஒரு மரணம், பிள்ளைக்கு வேலை போவது, கணவருக்கு டயாலிசிஸ். இதெல்லாம் நடக்கும்போது டென்ஷன் ஆகாமல் இருக்க யாராலும் முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு உணர்ச்சி சார்ந்த காரணம் இருந்ததே இல்லை என்பதையும் பார்த்தோம்.

இரண்டு, மறுபடி வந்துவிட்டால் பழி நோயாளி மேல் விழுகிறது. 'சொன்னேன்ல, நீங்கதான் ரொம்ப யோசிக்கிறீங்க.' இப்படிக் கேட்டுப் பழகிய ஒருவர் அடுத்த முறை நெஞ்சு வலிக்கும்போது என்ன செய்வார்? வெளியில் சொல்லமாட்டார். 'காஸ்ட்ரிக்தான்பா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று மழுப்புவார். அந்த மழுப்பல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுபடி நெஞ்சு வலித்தால்?

இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை டாக்கோட்சுபோ வந்தவருக்கு அடுத்த முறை வரும் நெஞ்சு வலி டாக்கோட்சுபோவாகவும் இருக்கலாம், அசல் மாரடைப்பாகவும் இருக்கலாம். வயது கூடியிருக்கும். இடையில் ரத்தக் குழாயில் அடைப்பு வந்திருக்கலாம். 'அன்னிக்கு ஆஞ்சியோ கிளியரா இருந்துச்சே' என்பது இன்றைக்கான பதில் அல்ல.

அடைப்பாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் தசை இறந்துகொண்டிருக்கும். வீட்டில் உட்கார்ந்து 'எது'வென்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

- நெஞ்சில் வலி, அழுத்தம் அல்லது இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. இவற்றில் எது வந்தாலும் சிங்கப்பூரில் உடனே 995ஐ அழையுங்கள். மலேசியாவில் 999.
- டாக்சி பிடித்தோ சொந்தக் காரிலோ கிளம்ப வேண்டாம். ஆம்புலன்ஸில் வரும் ஊழியர்கள் வழியிலேயே இசிஜி எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கலாம்.
- மூத்த பெண்களுக்கு வலி பளிச்சென்று தெரியாமல், வாந்தி வருவது போலவோ அளவுக்கு மீறிய களைப்பாகவோ மூச்சு வாங்குவதாகவோ மட்டும் தெரியக்கூடும்.
- வந்தவுடன் மருத்துவக் குழுவிடம் 'இவருக்கு இந்த ஆண்டில் டாக்கோட்சுபோ வந்திருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கடைசியில் சொன்னது சாதாரண விவரமில்லை. டாக்கோட்சுபோவில் ரத்த அழுத்தம் சரியும்போது, வழக்கமாகக் கொடுக்கும் அட்ரினலின் வகை மருந்துகள் சிலருக்கு நிலைமையை மோசமாக்கலாம். முன்கதை தெரிந்தால் மருத்துவர்கள் அதற்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

குடும்பத்தில் இளையர்கள் என்ன செய்யலாம்?

பல வீடுகளில் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேசுவதும், வீட்டுக்கு வந்து பாட்டிக்குத் தமிழில் விளக்குவதும் பிள்ளைகளின் வேலைதான். அதனால் பின்வருபவை உங்கள் கையில்தான் இருக்கின்றன.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். 'ஹார்ட் அட்டாக் இல்லையாம், சும்மா டென்ஷனாம்' என்று சுருக்கிவிடாதீர்கள். 'இதயத் தசை தற்காலிகமா செயலிழந்திருக்கு பாட்டி, குணமாயிடும். ஆனா டாக்டர் சொன்ன தேதியில எக்கோ எடுக்கணும்' என்று சொல்லலாம். இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா என்பதை அந்தப் படம்தான் உறுதிசெய்யும்.

ஆவணங்களைக் கைவசம் வையுங்கள். மருத்துவமனையிலிருந்து வரும்போது தரும் சுருக்க அறிக்கை, இசிஜி, மருந்துப் பட்டியல் ஆகியவற்றைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இசிஜியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிவது அவசரப் பிரிவில் பெரிய உதவி.

அறுவைச் சிகிச்சைக்கு முன் சொல்லுங்கள். பல் சிகிச்சை முதல் மூட்டு மாற்றுச் சிகிச்சை வரை எதுவாக இருந்தாலும் மருத்துவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் முன்கதையைத் தெரிவியுங்கள்.

மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வகை மனச்சோர்வு மருந்துகள், ஆஸ்துமா இன்ஹேலர்கள், மூக்கடைப்பு மாத்திரைகள் உடலில் அட்ரினலினைப் போன்ற விளைவை ஏற்படுத்தக்கூடியவை. அதே சமயம் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாமல் போவதும் இதயத்துக்கு ஆபத்து. என்ன மாற்றலாம் என்று மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

மனநலச் சிகிச்சையை இதயச் சிகிச்சையின் ஒரு பகுதியாகப் பாருங்கள். தூக்கம் வராமல் இருப்பது, எப்போதும் பதற்றம், துக்கத்திலிருந்து மீள முடியாமல் தவிப்பது எல்லாம் அடுத்த மருத்துவச் சந்திப்பில் சொல்ல வேண்டியவை. உடனே பேச யாராவது வேண்டுமென்றால் சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் செயல்படுகிறது.

கவனிப்பவரையும் கவனியுங்கள். நோயாளியான கணவரையோ தாயாரையோ பல ஆண்டுகள் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இந்த நோய் அதிகம் வரும் வயதில்தான் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால், 'டென்ஷன் ஆகாதீங்க' என்று நூறு முறை சொல்வதைவிட அது பயனுள்ளது.

சுருக்கமாக

- டாக்கோட்சுபோ வந்த பெரும்பாலோர் குணமடைகிறார்கள், மறுபடி வருவது அரிது.
- மறுபடி வந்தால் எப்போது, எதனால், இதயத்தின் எந்தப் பகுதியில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.
- நிச்சயமாகத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. தொடர்ந்த மருத்துவக் கவனிப்பு, உடற்பயிற்சி, மனநல ஆதரவு ஆகியவை மீண்டுவர உதவுகின்றன.
- திரும்ப வந்தால் அது நோயாளியின் தவறு அல்ல.
- ஒருமுறை டாக்கோட்சுபோ வந்தவருக்கும் அடுத்த நெஞ்சு வலி மாரடைப்பாக இருக்கலாம். யோசிக்காமல் 995.